மூன்றாம் லைனின் இரண்டாவது தொப்பி

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று அந்த பிஸ்கட் ஃபேக்டரியில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். நடக்கிற வழக்கமே கிடையாது, ஓட்டம்தான். பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தம் இல்லை. யாராவது ஒரு நல்ல யோசனையைச் சொல்ல வாயெடுத்தால், அவர் சொல்லி முடிப்பதற்குள் இவள் அதைப் பாதி செய்து முடித்திருப்பாள். பேக்கிங் ஹாலில் மூன்றாம் லைனுக்குப் பதினான்கு வருஷமாக அவள்தான் லீடர். சூடாக வெளியே வரும் பிஸ்கட், நீளமான பெல்ட்டில் ஆறிக்கொண்டே வந்து, அடுக்காகி, பாக்கெட்டுக்குள் போகும் வரைக்கும் பதினெட்டுப் பெண்களின் கையும் கண்ணும் அவள் பொறுப்பு.

அந்த ஹாலில் உடைந்த பிஸ்கட்டுக்கு மன்னிப்பு உண்டு, முடிக்குக் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால், பாக்கெட்டுக்குள் நீளமாக ஒரு முடி இருந்ததென்று புகார் வந்தது. பாக்கெட்டில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்தால் மூன்றாம் லைன், காலை ஷிஃப்ட். மேனேஜர் சத்தம் போடவில்லை. இன்னொரு முடி வந்தால் எக்ஸ்பிரஸ் அட்டைப்பெட்டி மடிக்கிற ஷெட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார்.  மறுநாள் காலையே அவள் சட்டம் போட்டாள். மூன்றாம் லைனில் நிற்கிற எல்லாரும் கொண்டையை இறுக்கி முடிந்து, அதன்மேல் ஒன்றுக்கு இரண்டு தொப்பி போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. மேனேஜர் மீட்டிங்கில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார்.

கைதட்டிய சத்தம் அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எக்ஸ்பிரஸின் தலை அரிக்க ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, பிறகு தோளில் வெள்ளைத் தூள், பிறகு சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வேறு யாருக்காவது என்றால் இது கவலை. இவளுக்குக் குலைநடுக்கம். சீப்புக்கு வருகிற முடி பாக்கெட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? வேலைக்குப் போடுகிற கோட்டின் கையைப் பார்ப்பாள், பெல்ட்டைப் பார்ப்பாள், மறுபடியும் கையைப் பார்ப்பாள். லைனில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தெருமுனை கிளினிக் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் பொடுகு என்றார். மருந்து ஷாம்பு எழுதிக்கொடுத்து, தினமும் தலைக்குக் குளிக்கச் சொன்னார். எக்ஸ்பிரஸுக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு சுலபமா என்று மறுநாளே நாலரை மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு ஆறு மணி ஷிஃப்டுக்கு ஓடினாள். பத்து நாளில் அரிப்பு இரண்டு மடங்கானது. பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தலைத்தோல் காய்ந்து புண்ணாகிக் கிடக்கிறது, தினமும் குளிக்கச் சொன்னது யார் என்று கடிந்துகொண்டார். வாரம் இரண்டு முறை போதும் என்று சொல்லி ஒரு லோஷன் எழுதினார். சரியான ஆளிடம் இப்போதுதான் வந்திருக்கிறோம் என்று அவள் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தக் குதிப்பு அடங்குவதற்குள் தங்கை தன்னுடைய டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து குறைவு, போதாததற்குச் சில மாதம் முன்பு காய்ச்சலில் படுத்ததும் சேர்ந்துகொண்டது. மாத்திரை போட்டால் முடி தானாக வரும், தலையில் கண்டதையும் தேய்க்காமல் அதைச் சும்மா விடுங்கள் என்றார்.

மூன்று டாக்டர், மூன்று சீட்டு. ஒருவர் குளி என்கிறார், ஒருவர் குளிக்காதே என்கிறார், ஒருவர் தொடாதே என்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒருவரை நம்பியிருப்பார்கள், இல்லையென்றால் மூவரையும் விட்டிருப்பார்கள். எக்ஸ்பிரஸ் மூவர் சொன்னதையும் ஒன்றாகச் செய்தாள். திங்கள் குளிப்பாள், செவ்வாய் பயந்து நிறுத்துவாள், புதன் லோஷன் தடவுவாள், தடவியது தப்போ என்று வியாழன் கழுவுவாள். மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சீப்பில் முடி அப்படியே வந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வயதிலேயே தலை வழுக்கை. இந்த விஷயத்தில் தன்னிடம் மட்டும் யாரும் ஆலோசனை கேட்பதில்லை என்பது அவருக்குப் பழைய வருத்தம். கண்ணாடி முன்னால் அவள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார்.

"லைன்ல பிஸ்கட் உடைஞ்சு வந்தா என்ன செய்வ?"

"என்ன செய்வேன்? ஒண்ணை மாத்துவேன், ஓட விடுவேன், பாப்பேன். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்துல திருப்ப எவனையும் விடமாட்டேன்."

"அப்போ தலையில மட்டும் ஏன் எல்லா ஸ்க்ரூவையும் திருப்புற?"

 கல்யாணமாகி அவர் சொன்ன ஆலோசனை ஒன்று எடுபட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். என்றைக்குக் குளித்தாள், என்றைக்கு லோஷன், அரிப்பு எவ்வளவு, சீப்பில் முடி எவ்வளவு. மாத்திரையை விடாமல், மற்றதில் ஒரு சமயத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றினாள்.

ஐந்து வாரம் எழுதியும் ஒரு டாக்டரும் ஜெயிக்கவில்லை. குளித்த வாரமும் அரித்தது, குளிக்காத வாரமும் அரித்தது. சலித்துப்போய்ப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அரிப்புப் பத்தியில் ஆறு கட்டங்கள் வெள்ளையாக இருப்பது கண்ணில் பட்டது. அந்த ஆறு நாளும் அரிப்பே இல்லை. அதில் குளித்த நாளும் இருந்தது, குளிக்காத நாளும் இருந்தது. அது ஃபேக்டரியில் ரிப்பேர் வேலை நடந்து எல்லாருக்கும் லீவு விட்டிருந்த வாரம்.

 கண்ணாடியில் முடியை விலக்கிப் பார்த்தாள். நெற்றி ஓரத்தில் தொடங்கி காதுக்கு மேலாகப் பின்கழுத்து வரை சிவப்பாக ஒரு கோடு. தொப்பியின் எலாஸ்டிக் உட்காருகிற இடம். நோட்டைத் தூக்கிக்கொண்டு தோல் டாக்டரிடம் ஓடினாள். தொப்பியைப் பற்றி, கொண்டையைப் பற்றி, நாலரை மணிக் குளியலைப் பற்றி ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஈரத் தலையை இறுக்கிக் கட்டி, அந்தச் சூட்டுல எட்டு மணி நேரமா ரெண்டு தொப்பிக்குள்ள வெச்சிருந்தீங்க?"

"நீங்க யாரும் கேக்கலையே டாக்டர்."

"நீங்களும் சொல்லலையேம்மா."

ஷாம்பு நல்ல ஷாம்புதான் என்று அவர் ஒத்துக்கொண்டார். வாரம் மூன்று நாள், அதுவும் வேலை முடிந்து வந்த பிறகு, நன்றாகக் காய வைத்துத்தான் தலையை முடிய வேண்டும். லோஷன் இரண்டு வாரம் மட்டும். மாத்திரையை விடக்கூடாது, அந்த டாக்டரம்மா சொன்னது சரி. கொண்டை தளர்வாக, தொப்பி ஒன்றே ஒன்று, அளவானதாக.

பஸ்ஸில் ஏறியபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் சந்தோஷம் சட்டென்று அணைந்தது. இரண்டு தொப்பி அவள் தலையில் மட்டுமா இருக்கிறது? இன்னும் பதினெட்டுத் தலைகள். சட்டம் போட்டது அவள்.

மறுநாள் உடை மாற்றுகிற அறையில் யாருக்காவது தலை அரிக்கிறதா என்று கேட்டாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவளே போன வாரம்வரை திறந்திருக்கமாட்டாள். தன் தொப்பி இரண்டையும் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, சிவப்புக் கோட்டைக் காட்டினாள். முன்நெற்றியில் முடி கொட்டி வெளுத்திருந்த இடத்தையும் காட்டினாள். அதைக் காட்டும்போது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. முதலில் ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடுகிறவள் தன் தொப்பியைக் கழற்றினாள். அதே கோடு.

"நாலு டாக்டர்கிட்ட போயிட்டேன்க்கா. வெளிய தெரிஞ்சா லைன்ல இருந்து தூக்கிடுவீங்கன்னு சொல்லல."

பிறகு ஒவ்வொரு தொப்பியாகக் கழன்றது. பதினெட்டில் பதினொரு தலை. ஒருத்தி பையில் ஷாம்பு, ஒருத்தி பையில் லோஷன், ஒருத்தியிடம் இரண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.  தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு எக்ஸ்பிரஸ் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் மேஜையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு தொப்பிச் சட்டம் அடுத்த மாதத்திலிருந்து எல்லா லைனுக்கும், யோசனை தந்தவர் மூன்றாம் லைன் லீடர் என்று அவள் பேரோடு. அவள் அதைக் கிழித்துவிடச் சொன்னாள். அவர் நோட்டைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பிறகு பழைய சாதாரணக் குரலில் கேட்டார்.

"ஒரு முடி வந்தாலும் ஷெட்டுதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். முடி கொட்டாத தலைக்கு ஒரு தொப்பி போதும். கொட்டுற தலைக்குப் பத்து போட்டாலும் பத்தாது. எங்க லைன்ல மட்டும் மாத்திப் பாருங்க. மூணு மாசம் ஓட விடுங்க."

மூன்று மாதமும் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஈரத் தலையோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் நின்று பதினெட்டுத் தலையையும் தினம் தொட்டுப் பார்த்தாள். அளவு தொப்பி தேடி ஸ்டோர் ரூமையே புரட்டிப் போட்டாள். போன் அடித்தால் புகாரோ என்று முதல் ஆளாக ஓடுவாள். ஒன்றும் வரவில்லை. பைகளில் இருந்த லோஷன் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

கடைசி வாரத்தில் மேனேஜர் லைனைப் பார்வையிட வந்தார். அவள் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"எக்ஸ்பிரஸ், முடி வெளிய தெரியுது."

எட்டு மாதமும் மூன்று மாதமும் அவள் பயந்து நடுங்கிய வார்த்தை. கோட்டின் கையைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள். ஒல்லிதான் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷினின் பளபளப்பான தகட்டில் எக்ஸ்பிரஸ் தன் முகத்தைப் பார்த்தாள். முன்நெற்றியில் வெளுத்துக் கிடந்த இடத்தில், விரல் நகம் உயரத்துக்கு, குட்டிக் குட்டி முடி. தொப்பிக்குள் அடங்காமல் எலாஸ்டிக்குக்கு வெளியே விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"சார், இது கொட்டுன முடி இல்ல," என்றாள்.  "முளைச்ச முடி."

பெல்ட்டை ஒல்லியிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னும் பெரிய அளவில் ஒரு தொப்பி எடுத்துவர ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள்.