எறும்பு அக்காவின் வலது கை

அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் எறும்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கிறது என்று என்றோ ஒரு சிறுமி சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பதினாறு வருஷமாக இரத்தம் எடுக்கிறாள். நரம்பே தென்படாத பருத்த கையானாலும் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள். முதல் குத்திலேயே குழாயில் இரத்தம் ஏறிவிடும்.

குழந்தைகள் பிரிவையும் அவள் தலையில் கட்டிய பிறகுதான் படபடப்பு வந்தது. கதறும் குழந்தை, முறைக்கும் அப்பா, ஒரே குத்தில் முடித்தாக வேண்டிய கட்டாயம். கைபேசியில் ஒரு காணொளி பார்த்தாள். வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து, துருத்தி ஊதுகிற மாதிரி நூறு முறை மூச்சை வெளியே தள்ள வேண்டும். "விரல் நுனியில சுருக் சுருக்குன்னு இருந்தா பயப்படாதீங்க, உடம்புல உள்ள கழிவு வெளியேறுது" என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

வீட்டில் இடமில்லை. கூடம் திறப்பதற்கு முன், கையுறைப் பெட்டிகள் அடுக்கிய சாமான் அறையில் உட்கார்ந்து செய்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பரிசோதனை இயந்திரங்களை ஓட்டும் அண்ணன் குரல் கொடுப்பார்.

"என்னம்மா, குக்கர் எத்தனை விசில் ஆச்சு?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணே?"

முதல் வாரம் தலை லேசாக மிதந்தது, சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் உதடு மரத்தது. அதற்கப்புறம் ஒருநாள் வலது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. மற்ற நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து நின்றன. இடது கையால் பிரித்தாலும் வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துத் தானாக விரிந்தன.

பக்கவாதத்தின் ஆரம்பம் என்றே முடிவு கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கை போனால் தனக்கு இங்கே என்ன வேலை? நோயை விரட்டுவதாக நினைத்து நூறை முந்நூறாக்கினாள். விரல்கள் இன்னும் இறுக மடங்கின.

பயம் பொறுக்காமல், கை விரிந்ததும் தன் இரத்தத்தைத் தானே எடுத்து, இல்லாத ஆட்களின் பெயரை ஒட்டி, வந்த குழாய்களோடு சேர்த்து வைத்தாள். சர்க்கரை சரி. கால்சியம் சரி. நான்கு முறை எடுத்தாள். பிறவியிலேயே சிறுத்த அவளுடைய சிவப்பணுவைத் தவிர, நான்கு முறையும் எல்லாம் சரி. ஒன்றும் இல்லை என்று வர வர, அகப்படாத நோய் பெரிய நோயாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஒருநாள் காலை முந்நூறு முடிக்கும்போதே கூடம் திறக்கும் மணி அடித்துவிட்டது. ஓடி வந்து உட்கார்ந்தாள். அம்மா மடியில் நான்கு வயதுக் குழந்தை. அதன் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் மடங்க ஆரம்பித்தது. ஊசியை எப்படியோ தட்டில் போட்டு, இடது கையால் பட்டையை அவிழ்த்தாள்.

"என்னாச்சு, உங்க முகம் வெளுத்துப் போச்சே?" என்றாள் குழந்தையின் அம்மா.

"வேற ஆள அனுப்புறேம்மா."

நடைபாதையில் இயந்திர அண்ணன் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். அன்று கேலி பேசவில்லை.

"அந்த நாலு குழாயும் உன்னுதுதானே? நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வருஷா வருஷம் நான்தானே டெஸ்ட் பண்றேன். இவ்ளோ பொடிப்பொடியா சிவப்பணு வச்சிருக்கறது இங்க நீ ஒருத்திதான். டாக்டர்கிட்ட நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். கூடத்துக்குப் பொறுப்பான டாக்டரம்மா கேட்டுக்கொண்டே அவள் கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். அது இதற்குள் விரிந்திருந்தது.

"இப்ப என் எதிர்ல உக்காந்து அதே மாதிரி மூச்சு விடு."

நூற்றைம்பதைத் தாண்டியதும் விரல்கள் மடங்கின. "போதும். மெதுவா, மூக்கால" என்றார். அவள் கண்ணெதிரிலேயே விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பக்கவாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேகமா ஊதித் தள்ளினா உடம்புல இருக்கவேண்டிய கரியமில வாயு கொறஞ்சுபோகும். இரத்தத்துல கால்சியம் இருந்தும் உதவாது. அதான் விரல் இழுக்குது. மூச்சு சரியானதும் அதுவும் சரியாயிடும். நீ கை விரிஞ்ச பிறகு எடுத்த இரத்தத்துல என்ன தெரியும்?"

"கழிவு வெளியேறுதுன்னாங்க, டாக்டர்."

"தலைக்குப் போற இரத்தமும்தான் கொறையும். மயங்கி விழுந்தா ஊசியோட குழந்தை மேல விழுந்திருப்ப. பிரஷர், வலிப்பு, இதயக் கோளாறு இருக்கறவங்க, கர்ப்பிணிங்க இத விளையாட்டாக்கூட செய்யக் கூடாது. படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி நல்லதுதான். மெதுவா விடறது. முந்நூறு இல்ல."

அதோடு விடவில்லை. இல்லாத ஆட்கள் பேரில் பரிசோதனை செய்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் ஊசியைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வாரமும் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதினாள். உள்ளே குழந்தைகள் அழுவது கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். காலையில் சாமான் அறைக்குப் போவதில்லை. நாற்காலியில் சாய்ந்து, நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டாள். விரல் மடங்கவே இல்லை. படபடப்பு முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பயந்து ஓடவேண்டியிருக்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா வந்து நின்றார். "முதல் அஞ்சு பேருக்கு நான் பக்கத்துலயே இருப்பேன்."

முதலில் ஒரு லாரி ஓட்டுநர். அடுத்து கண்ணை இறுக மூடிக்கொண்ட கல்லூரிப் பெண். மூன்றாவது ஆளுக்குப் பட்டை கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் திரும்பினாள். டாக்டரம்மா அங்கே இல்லை. இரண்டு பேரைப் பார்த்ததே போதும் என்று தன் அறைக்குப் போய்விட்டிருந்தார்.