கரவனோடு பாலம் ஏறிய பகல்

அந்தக் கோடையில் பழைய கரவன் ஒன்றை வாங்கினோம். கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் சக்கர வீடு. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கவேண்டும். கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து கென்ட் கடற்கரைக்கு முதல் பயணம். லண்டன் கொதித்துக்கொண்டிருந்த கிழமை அது. வெயிலுக்கு முன், விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிடுவதாகத்தான் இருந்தோம். ஆனால் பெற்றோல் செட்டில் இரவு வேலைக்கு நின்ற கணவரை மாற்ற வேண்டியவர் நேரத்துக்கு வரவில்லை. கணவர் வீடு வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது.

"நாளைக்குப் போவமே?" என்றார்.

மகள்மார் இருவரும் ஏற்கெனவே காருக்குள் பெல்ட் போட்டு இருந்தார்கள்.

"நீங்கள் பக்கத்தில இருங்கோ. நான் காரை ஓடுறன்," என்றேன்.

பதினொரு வருடமாக பஸ் ஓட்டுகிறவள் நான். நீளம் எனக்குப் பயமில்லை. நடுவில் மடங்கி ஆடும் நீளம்தான் புதிது. டயர்களுக்கு விடியவே, சூடேறமுன், காற்றுப் பார்த்துவிட்டேன். கணவர் கரவனின் பின்கோடியில் அடுக்கியிருந்த தண்ணீர்க் கான்களைச் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்த்தினேன். பின்பாரம் கூடினால் கரவன் வாலை ஆட்டும்.

தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பாலத்தில் ஏறத் தொடங்கியதுமே எஞ்சின் வெப்பமுள் நடுவைத் தாண்டியது. பாலத்தில் நிறுத்த இடமில்லை. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்தேன்.

"அம்மா! ஆர் யூ சீரியஸ்?" மூத்தவள் அலறினாள்.

"எஞ்சின்ர சூட்டை நாங்கள் வாங்கிறம். ஜன்னலைத் திறவுங்கோ!"

முகத்தில் அனல் அடித்தது. கணவர் முள்ளுக்கு நேர்முக வர்ணனை சொன்னார்: "ஏறுது... ஏறுது... நிண்டிட்டுது! நிண்டிட்டுதப்பா!" பிள்ளைகள் கூவினார்கள். உச்சியில், கீழே ஆறு வெள்ளித் தகடாய் மின்னியது.

இறக்கத்தில் லொறி ஒன்று எங்களை உரசுவதுபோல முந்திப்போனது. கரவன் இடமும் வலமும் ஆடியது.

"பிரேக்கைப் பிடியும்!" கணவர் கத்தினார்.

"ஏலாது! பிடிச்சால் காரையும் சுத்திப்போடும்!"

ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, அக்சிலரேற்றரிலிருந்து காலை மட்டும் மெல்ல எடுத்தேன். ஒரு ஆட்டம். இன்னொன்று, சின்னதாக. பிறகு கரவன் அடங்கி எங்கள் பின்னால் வந்தது. நான் என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நெடுஞ்சாலையோரம் வந்த முதல் சேர்விஸ் தரிப்பிடத்தில் நிழல் பார்த்து நிறுத்தினேன். போத்தல் தண்ணீரோடு ரேடியேற்றரைத் திறக்கப்போன கணவரின் கையைப் பிடித்தேன். "இப்ப திறந்தால் முகம் அவிஞ்சுபோம். ஆறட்டும்." முக்கால் மணிநேரம் புல்லில் குந்தியிருந்து வத்தகைப்பழம் தின்றோம்.

கடற்கரை முகாமில் கரவனைப் பின்னுக்கு எடுத்து, எங்களுக்கு ஒதுக்கிய கட்டத்துக்குள் விட நாலு தரம் முயன்றேன். பக்கத்துக் கரவன்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டுப் பார்த்தார்கள். நாலாம் தரம் நேராகப் போனதும் கைதட்டினார்கள். கணவர் அவர்களிடம் நடந்துபோய், நெஞ்சை நிமிர்த்தி, "மை வைஃப்," என்றார்.