தையல்காரர் ஓரத்தில் எழுதிய இரண்டு வரி

தெருமுனைத் தையல்காரருக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் ஊர் எல்லையைத் தாண்டியது இரண்டே முறை. இரண்டும் தட்ட முடியாத சாவுகள்.

அந்த ஆண்டு புதுக் காய்ச்சல் ஒன்று ஊரையே படுக்கப் போட்டது. இவர் மட்டும் மூன்றாம் நாளே எழுந்து பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரிடமும் சோதனைக்கு ரத்தம் எடுத்துப்போன டாக்டரம்மா, இரண்டு வாரம் கழித்துக் கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, உங்க ரத்தத்துல இந்தக் கிருமிய எதிர்க்கிற சக்தி ஏகத்துக்கு இருக்கு. ஒரு பாட்டில் வேணும். சின்னக் குப்பிகள்ல பிரிச்சு, தடுப்பூசி ஆராய்ச்சி பண்ற பதினோரு நாட்டுக்கு அனுப்பணும்.”

“அவங்க ஊர்ல ரத்தமே இல்லையா?”

“இருக்கு. ஆனா ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு விதமா அளக்குது. எல்லாரும் ஒரே ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் எந்த ஊசி தேவலைன்னு தெரியும்.”

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. “ஆளுக்கொரு டேப்ப வச்சு அளந்தா கையும் உடம்பும் எப்படிச் சேரும்? எடுத்துக்கோங்க.”

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். நான்கு நாள் படித்தார்.

“உங்க ரத்தம் பதினோரு நாட்டுக்குப் போகுதாம். நீங்க மாவு மில் வரைக்கும் போக மாட்டேங்கறீங்க” என்றாள் மனைவி.

அவருக்கு ஒரே கவலைதான். காலர் வெட்டும் மாதிரி அட்டையை இரவல் வாங்கிப்போன எதிர்க்கடைக்காரர், ஆறு வருடமாக ‘எந்த அட்டை?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் படிவத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘வாங்குகிறவர்கள் கண்டுபிடித்ததை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். தானே வைத்துப் பூட்டுகிறவன் உருப்பட மாட்டான்.’

“முதல் வரி ஏழாம் பக்கத்துலயே இருக்குண்ணே.”

“இருக்கட்டும்மா. ரெட்டைத் தையல் போட்டா பிரியாது.”

ரத்தம் எடுத்தாயிற்று. குப்பிகளும் உறைபெட்டிக்குள் போயாயிற்று. ஆனால் படிவம் ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் சிக்கிக்கொண்டது. ‘நிபந்தனையை மீறும் நிறுவனத்துக்கு எதிர்காலம் இல்லை எனக் கொடையாளர் அறிவிக்கிறார்’ என்று கடைசி வரியை யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். இது மிரட்டலா, இல்லையா என்று வக்கீல்கள் மூன்று வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள்.

டாக்டரம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். “அண்ணே, அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்களேன்.”

“விட்ட சாபத்த எப்படிம்மா திருப்பி வாங்குறது?”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “நூல் அறுந்தா மிஷினுக்கு விடுறதையெல்லாம் தினம் திருப்பி வாங்கிக்கறீங்க இல்ல? அதோட இதையும் வாங்குங்க!”

முனகிக்கொண்டே அடித்துக் கையெழுத்துப் போட்டார். முதல் வரியைத் தொடவிடவில்லை. மறுவாரம் பெட்டிகள் கிளம்பின.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பதினோரு ஆய்வகங்களின் அளவுகளும் ஒரே அட்டவணையில் இருந்தன. தாமதமாக அனுப்பிய ஓர் ஆய்வகம் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை, ஓர் எண்தான். அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பார்த்தார்.

அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தது. பள்ளி மைதானத்தில் நீண்ட வரிசை. அவர் வாய் திறக்காமல் நின்றார். மனைவியால்தான் முடியவில்லை.

“இந்த ஊசிய இவரு ரத்தத்த வச்சுத்தான் அளந்தாங்க. அந்தக் காய்ச்சல் வந்தப்ப எடுத்தது” என்று முன்னால் நின்ற பெண்மணியின் தோளைத் தட்டிச் சொன்னாள்.

அந்தப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையை விட்டு விலகி நின்றார்.

“வாங்க, ஓர் இடம் முன்னால போயாச்சு” என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.