ஆடு முட்டாத மணி

எனக்கு ஏழு வயது நடக்கும்போது, என்னை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை லேசில் விடுகிற ஆள் இல்லை நான். இன்றைக்கும் காய்கறிக்காரி முருங்கைக்காய் இளசு என்று சொன்னால் ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

உலக யுத்தச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊர் சுற்றிப் பார்ப்பது வேலையில்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "நாளைக்குத் திருவனந்தபுரம் போறோம், ரெண்டு நாளும் எல்லாம் பாக்குறோம்" என்றார். நான் குதித்தேன். அரைமணி நேரம்தான் அந்தச் சந்தோஷம். வாசலில் அவர் பால்காரியிடம் பேசியது காதில் விழுந்தது.

"திங்கக்கிழமை தொட்டு வீட்டுல ரெண்டு பேருதான். பாலக் கொறச்சு ஊத்து, போதும்."

மூன்றில் ஒன்று போனால் இரண்டு. வாத்தியார் மகளுக்கு இந்தக் கணக்குகூடவா தெரியாது? அப்பாவும் அம்மாவும் காப்பிக்கு மட்டும்தான் பால் சேர்ப்பார்கள். வீட்டில் பால் குடிக்கிற ஆள் நான் ஒருத்தி.

திருவனந்தபுரத்தில் அம்மாவின் அக்கா இருந்தாள். பெரியப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. பிள்ளை இல்லை. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், "இவள எனக்குத் தந்திரு" என்று அம்மாவிடம் கேட்பாள். அம்மா சிரிப்பாள். தரமாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அன்று ராத்திரி படுத்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா பலாப்பழத்தில் கிண்டிய சக்கவரட்டியும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு செந்துளுவன் வாழைப்பழம், என் முன்கை மொத்தம். "எனக்கக்கூட இருக்கியாட்டி?" என்றாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். எனக்கு வாயில் எச்சில் ஊறியதை யாரும் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு மியூசியத்துத் தோட்டத்தில் புலி பார்த்தோம். அம்மா கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் விடுவார்களோ அவ்வளவு பக்கத்தில் போய் நின்றாள். அப்பா அவசரப்படுத்தவில்லை. எதற்கும் அவசரப்படுத்துகிறவர், "நல்லாப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு தடவை நல்லதாக எதையாவது காட்டிவிட்டு விட்டுப் போகிறார்களாக்கும் என்று புலியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதைவிட மோசம், அம்மா என் கையை விடவே இல்லை. தெருவில், படியில், எங்கே போனாலும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஊரில் அவள் அப்படிப் பிடித்ததே கிடையாது. பிரியப் போகிறவர்கள்தான் இப்படிப் பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்மநாப சுவாமி கோவில். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். முதல் வாசலில் முகம், நடுவில் நாபி, கடைசியில் பாதம். உள்ளே நெய்விளக்கு வெளிச்சம்தான். அம்மா ஒவ்வொரு வாசலிலும் நகரமாட்டேன் என்று நின்றாள். பின்னால் நின்றவர்கள் மலையாளத்தில் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாசலில் அவள் கன்னம் நனைந்திருந்தது. சரிதான், என்னைத் தத்துக் கொடுக்கிற பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

வெளியே வந்ததும் எதிரே உயரத்தில் மேத்தன் மணி என்கிற பெரிய கடிகாரம். தாடிவைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், ஆடுகள் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதைப் பார்க்க ஆசைப்பட்டவள். பத்து மணிக்காக வெயிலில் காத்து நின்றோம். அடித்தது. முகம் வாயைப் பிளந்தது, ஆடுகள் முட்டின. இவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆடு முட்டிச்சா மக்கா?"

கண்ணெதிரே நடப்பதை என்னிடம் ஏன் கேட்கவேண்டும்? என்னைக் கொஞ்சிச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்ல, முட்டல்ல" என்றேன்.

மத்தியானம் பெரியம்மா போளியும் பால்பாயசமும் இலையில் போட்டாள். பாயசத்தில் போளியைப் பிசைந்து தின்பது அந்த ஊர் வழக்கம். நான் தொடவில்லை. சாயங்காலம் அப்பா தம் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, "வா மக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். டிரங்குப் பெட்டி மூலையிலேயே இருந்தது. என் பாவாடை சட்டையெல்லாம் அதற்குள்தானே வந்தது. நான் ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அப்பா குனிந்து, அவருக்கு வராத மெதுவான குரலில் சொன்னார். "உன் துணியெல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு. நீ எனக்கக்கூட ஊருக்கு வாற. அம்மைக்குத்தான் கண்ணுல வைத்தியம். நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்கணும். பத்து நாளுல வந்திருவா."

நான் அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். கண்வலி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் வந்தது. சிவக்கும், பீளை தள்ளும். அம்மாவின் கண் பெரிதாக, வெள்ளையும் கறுப்புமாகச் சுத்தமாக இருந்தது. பொய். தெருமுனை வரை கூட்டிப்போய்விட்டு என்னைத் திருப்பிக் கொண்டுவந்து பெரியம்மாவிடம் தள்ளுவார்கள். ஆட்டுக்குட்டிக்குக் குழை காட்டுகிற வித்தைதானே இது.

அலறினேன். பிரிக்க வந்த பெரியப்பாவின் கையைக் கடித்தேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத வயிறு, வெறும் பித்தமாக வாந்தி வந்தது. அம்மா தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். என் முகத்தைத் தடவித் தடவித் துடைத்தது இப்போதும் நினைவிருக்கிறது.

"பிள்ள பயந்திருக்கு. இந்தத் தடவ வேண்டாம், அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றாள்.

பெரியம்மா ஏதோ சொல்லவந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். திங்கட்கிழமை பால்காரி பழைய அளவுக்கே ஊற்றினாள். ஜெயித்துவிட்டேன் என்று முழுப் பாலையும் குடித்தேன்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு டைபாய்டு. அதற்கடுத்த மாதம் மழை. அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இனிப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவுக்கு முழுக்க இருட்டிவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் பெரியம்மாதான் சொன்னாள். திட்டாமல் சொன்னாள். அன்றைக்கு நான் என்னை வெறுத்தது போல வேறு யாரையும் வெறுத்ததில்லை.

அம்மா அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இரண்டு நாள் கதையைச் சொல்வாள். புலி கொட்டாவி விட்டதைச் சொல்வாள். மூன்று வாசலிலும் பெருமாளைப் பார்த்ததைச் சொல்வாள். கடைசியில் ஒரு குறையும் சொல்வாள்.

"அந்த மேத்தன் மணிதான் ஏமாத்திட்டு. நாங்க போன அன்னைக்கு ஆடு முட்டல்ல. இவதான் பாத்துச் சொன்னா."

அப்போதெல்லாம் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே எழுந்து போவேன்.