அமுக்கு, பிடி, விடு

இந்த ஊரில் கைதவறிக் கீழே விழுந்த எலுமிச்சம்பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. வந்து இத்தனை வருசம் ஆகியும் எனக்கு அது விநோதமாகத்தான் இருக்கிறது. மலையில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் ஒரு பழம் விழுந்தால் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் உருண்டு போகும், நாம் பின்னாலேயே ஓட வேண்டும். அங்கே நடை என்றால் ஏறுவது, இல்லை இறங்குவது. ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் சமதரையில் நடக்கவே எனக்குக் கெண்டைக்கால் வலித்தது. சிலோனில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிற என் சனங்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ரெண்டாம் வகுப்புப் படித்த கை, எழுத்து மெதுவாகத்தான் வரும். மற்ற காகிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர்தான் எழுதுவார். இதை அவரிடம் சொல்லி எழுத முடியாது.

அங்கே அவர் தோட்டத்துத் துரையின் கார் டிரைவர். வளைவும் சரிவுமான அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் வேலை என்பார். இங்கே வந்து ஒரு பஞ்சு முதலாளியிடம் சேர்ந்தார். தெலுங்கு பேசுகிற பெரிய குடும்பம், தங்கமான மனுசர்கள். குடோனுக்குப் பின்னால் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை கொடுத்து, "என் காரையும் பாரு, வெளி வேலை வந்தா அதையும் பாத்துக்க" என்றார் முதலாளி. தெருவில் அதற்கு ஷெட் என்று பேர். நான் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் எங்கள் வீட்டுக்காரர் ஷெட்டுக்கு மேனேஜர் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதற்குக் காரணம் உண்டு. தெருக்காரர்களுக்கு சிலோன் என்றால் ரேடியோதான். பக்கத்து வீட்டு முத்துமாரி மில்லுக்குப் போகிறவள், வாயும் கையும் சும்மா இருக்காது. வந்த வாரமே கேட்டாள்.

"ஏக்கா, சிலோன் ரேடியோவுல பாட்டுப் போடுதாகள்ல, அவியள பாத்திருக்கியளா?"

"எங்க வீட்டுக்கு ரெண்டு மலை தள்ளித்தான்" என்றேன்.

அவள் வாயைப் பிளந்து நின்றாள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று இப்போது எழுதவே கூசுகிறது. விடியற்காலை மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்தவள் நான். அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. அந்தக் காலை அவர்கள் கண்ணில் படாமல் சேலையைத் தழையத் தழையக் கட்டினேன். தேயிலையைத் தொட்டதே இல்லை என்று ஒருத்தியிடம் சொன்னேன். ஒரு பொய்யை நிறுத்தி வைக்க ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதலாளியின் கார் அவருடைய அப்பா காலத்து மாரிஸ். கறுப்புப் பளபளப்பு, ஊரில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அதில்தான் வருவார். அழகுக்குக் குறைவில்லை, நிறுத்துவதற்குத்தான் அரை பர்லாங் முன்னாலேயே நினைத்துக்கொள்ள வேண்டும். எண்பத்தாறோ எண்பத்தேழோ, புது மாடல் கார் ஒன்று லாரியில் முட்டிப் பின்பக்கம் அப்பளமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பழைய காரில் சக்கரத்துக்குள் ஒரு டிரம் இருக்கும், பிரேக் கட்டை உள்ளே விரிந்து அதை உரசும். இதில் ஒரு இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சோற்றுத் தட்டைத் தூக்கி இரண்டு விரலால் கவ்விக் காட்டினார். அப்படி ஒரு சந்தோசத்தை நான் அவர் முகத்தில் கப்பலேறிய பிறகு பார்த்ததில்லை. முதலாளியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கி, இரண்டு முன் சக்கரத்துச் சாமானையும் கழற்றி வந்தார். பழைய அச்சில் அது உட்காராது. லேத்துப் பட்டறையில் தடித்த இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, ராவி ராவிப் பொருத்த ஒரு மாசம் ஆனது.

எதிர் டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு. "ஏலே சிலோனு, ஆண்டாள் தேரையே ரெண்டு கட்டையப் போட்டு நிப்பாட்டுதாக. ஒன் மொதலாளி வண்டிக்கு எதுக்குலே தட்டும் தாம்பாளமும்?"

"தேர் வருசத்துக்கு ஒருக்கா ஓடுது அண்ணாச்சி. இது தெனம் ஓடணும்" என்பார் இவர். அவருக்கு இந்த ஊரில் ஒரு பேர் வேண்டியிருந்தது. மலையிலிருந்து வந்தவனுக்கு நிறுத்தத் தெரியும் என்கிற பேர்.

எல்லாம் மாட்டியானதும் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துச் சின்னத் திருகாணியைத் தளர்த்துவார். எண்ணெயும் காற்றும் பீச்சிக்கொண்டு வரும். அவர் திருகாணியை இறுக்கி முடிக்கும் வரை பெடல் மேலே வரக்கூடாது. வந்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே புகுந்துவிடும். வேறு ஆள் இல்லாததால் என்னை உட்காரச் சொன்னார். கார்க் கதவைத் திறந்து வைத்து, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்தேன்.

"அமுக்கு" என்பார். அமுக்குவேன். "பிடி" என்பார். பிடிப்பேன். "விடு" என்பார். விடுவேன். காலையிலிருந்து மூன்றே சொல்தான். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று முடிந்தது. கடைசிச் சக்கரத்தில் "பிடி" என்றார். பிடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். பகல் ஷிப்ட் விட்டு முத்துமாரியும் இன்னும் இரண்டு பெண்களும் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் பெண்சாதி, முழங்கால் தெரிய, அட்டைத் தழும்புக் காலோடு, எண்ணெய்ப் பிசுக்கில். எனக்கு ஒன்றும் யோசனை ஓடவில்லை. காலை இழுத்துச் சேலையை இறக்கிக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

அவர்கள் தாண்டிப் போன பிறகு காலைத் திரும்ப வைத்தேன். அவர் கீழேயிருந்து கேட்டார், "என்னாங்க, வுட்டுட்டீங்களா?" கோபமில்லாத நேரத்தில் என்னை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட்டுக் கேலி செய்வார்.

"இல்லியே. புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு அவர் ஏறி உட்கார்ந்து தானே மிதித்துப் பார்த்தார். "கொஞ்சம் மெத்துனு இருக்குதே. நெசமா வுடலயே?" என்று இன்னொரு தடவை கேட்டார். வாய் திறக்க எனக்கு இரண்டாவது சந்தர்ப்பம் அது. "எத்தன தடவ கேப்பீங்க?" என்று சிடுசிடுத்தேன். டிஸ்க் என்றால் மிதி இப்படித்தான் இருக்கும் போல என்று அவர் சமாதானமாகிவிட்டார். தன் காலை நம்பாமல் என் சொல்லை நம்பினார்.

மறுநாள் முதலாளியும் அவர் வீட்டம்மாவும் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தார், பெடல் தரை வரைக்கும் போனது. பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழி. ஒரு இடத்தில் காற்று இருந்தால் எதுவும் பிடிக்காது. மூன்றாவது மிதியில் பிடித்தபோது கார் புளியமரத்தில் இருந்தது. ஆட்டையும் ஆட்டுக்காரரையும் காப்பாற்ற அவர்தான் மரத்துப் பக்கம் திருப்பினாராம். அவருக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. முதலாளி வீட்டம்மாவுக்கு மூக்கில் ரத்தம். அதைத் துடைத்துக்கொண்டு அவர்கள் இவரைப் பார்த்துத் தெலுங்கில் "பரவாலேது, பரவாலேது" என்றார்களாம். முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "நீ பாத்துத்தானய்யா செஞ்சே?"

"பாத்துத்தான் செஞ்சேங்க" என்றாராம் இவர். பெடலை மிதித்தது என் பெண்சாதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொட்டகையை யாரும் பிடுங்கவில்லை. சாவியை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காருக்குப் பழைய டிரம்மையே திரும்ப மாட்டினார்கள். டீக்கடைக்காரர், "அன்னைக்கே சொன்னேம்லா, கட்டையப் போடுலேன்னு" என்றார். அதன் பிறகு தெருவில் அவர் பேர் 'பிரேக் இல்லாத சிலோன்'. கோணலாகக் கூடிய மணிக்கட்டோடு, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு கிரீஸ் அடிக்கப் போனார். பல வருசம் போனார். கொழுந்து எடுத்த கையை வைத்துக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

முத்துமாரி ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டாள். "ஏக்கா, அன்னைக்கு வண்டிக்குள்ள எதுக்கு ஒளிஞ்சிய? நாங்க மூணு பேரும் பாத்தோம். செத்த நேரம் நின்னு நாமளும் ஒரு அமுக்கு அமுக்கிப் பாப்பமான்னுகூட நெனச்சேன். பொறவு, ஒங்களுக்குப் பிடிக்காதோன்னு வந்துட்டேன்." அவள் காலில் செருப்பில்லை, வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. அதுவரை நான் அவள் காலைப் பார்த்ததே இல்லை.

இப்போது டிஸ்க் இல்லாத கார் வருவதே குறைவு. ஆனாலும் பழைய வண்டிக்கு மாற்றுகிறவர்கள் எப்போதாவது இவரைத் தேடி யோசனைக்கு வருகிறார்கள். இவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "டிரம்முக்கு வச்ச மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்குக்குப் பத்தாது தம்பி. அதயும் சேத்து மாத்துங்க. நான் மாத்தாமப் போட்டுத்தான் கெட்டேன்." பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிவிடுவது அந்த மாஸ்டர். யோசித்து யோசித்து அவராகக் கண்டுபிடித்த குற்றம். அது நல்ல யோசனைதான் என்று வந்தவர்களும் சொல்கிறார்கள். நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். மலையில் இருக்கிற என் தங்கச்சிக்குக் காகிதம் போட்டபோதுகூட, 'மாஸ்டரை மாற்றாதது என் தப்பு' என்று அவர் கையாலேயே எழுதினார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வரியை மட்டும் அவராகச் சேர்த்தார்.

மூன்று நாளாக நான் குனிந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"ஊருக்கு."

"முடிச்சதும் குடுங்க, எழுத்துப் பிழை பாத்துத் தாறேன்."

நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். சமதரையில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தாலும் என் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. "சரிவே இல்லாத ஊரு, எதுக்குப் போட்டு அமுக்குறீங்க?" என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். இடது கால் இந்த ஊருக்குப் பழகிவிட்டது. வலது கால் இன்னும் சரிவில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் "பிடி" என்றார். இதைப் படித்துவிட்டு அவர் வாயால் "விடு" என்று சொல்லுகிறாரா, பார்க்க வேண்டும்.