பின்சீட்டுச் சம்மதம்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்த வியாகுலத்தை, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் டாக்டருக்குப் படித்தவரல்ல, மருந்து கலக்கப் படித்தவர். காய்ச்சலில் கிடப்பவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? நாளெல்லாம் "நாக்க நீட்டு", "மூச்ச இழு", "மூணு வேள குடி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். இந்த உம்மணாமூஞ்சியோடு மார்கிரட் டீச்சரம்மா எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் மலையில் பேசிச் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்! வியாகுலம் பேசுகிற இடம் வேறு. வீட்டில் அவர் பேசுவதில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் யார்தான் பேசுவார்கள்? ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் டிஸ்பென்சரி. அங்கே எந்நேரமும் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்க அறையில் அவருடைய அம்மாவும் மார்கிரட்டின் அம்மாவும் ஒரே கட்டிலைப் பங்கிட்டுக்கொண்டு, யார் முதலில் தூங்குவது என்று போட்டி போட்டு விழித்திருப்பார்கள். இவர் இரவில் தும்மினால், காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, "டாக்டரய்யாவுக்குச் சளியாமே" என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பெண்டாட்டியிடம் மனம் விட்டு என்னத்தைப் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்கிரட்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹட்டன் மாதா கோயில் பூசைக்குப் போகிற ரோட்டில்தான் பேச்சு. பழைய ஹொண்டா மோட்டார்சைக்கிள். அது தோட்டத்துக் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் இறங்கியதும் வியாகுலத்துக்கு எங்கிருந்துதான் வாய் வருமோ தெரியாது. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டும். பின்னாலிருந்து மார்கிரட்டும் விடாமல் பேசிக்கொண்டே வருவாள். காற்றில் வார்த்தை பிடிபடாது, முணுமுணுப்பு மட்டும் காதோரம் ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமான விசயம் கேட்டால் கொஞ்ச தூரம் போனதும் தோளில் ஒரு தட்டு விழும். தட்டினால் சம்மதம். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான்.

அந்த ரோட்டில்தான் அவர்களுடைய குடும்பமே நடந்தது. பசுமாட்டை விற்றது, சின்னவளுக்கு டோரீன் என்று பேர் வைத்தது, மார்கிரட்டின் தம்பிக்குப் பெண் பார்த்து வேண்டாமென்று விட்டது, இந்தியாவுக்குத் திரும்பிப்போக எழுதிக்கொடுக்காமல் இலங்கையிலேயே இருந்துவிட்டது, எல்லாம் தோளில் விழுந்த தட்டுதான். "எங்க வீட்டுல எல்லாம் ரெண்டு பேரும் பேசித்தான் செய்யறது" என்று வியாகுலம் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார். அந்த அரைமணி நேர ரோட்டுக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் மற்றவர்களின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பிரியம் பெண்டாட்டி மேல்.

இந்தச் சந்தோசத்தில் மண்ணைப் போட்டது எழுபத்தொன்பதாம் வருசம் தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதுத் துரை. மலையில் வேலையை மேற்பார்க்கிற வெளிக்களத்து ஐயா ஒருவர் வளைவில் வழுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டார் என்று, தோட்டத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் துரை ஒரு ஹெல்மட்டைக் கொடுத்தார். போடாதவனுக்குப் பெட்ரோல் கிடையாது என்று உத்தரவு. முகத்தையும் காதையும் அடைத்து மூடுகிற கனத்த ஹெல்மட். அதைப் போட்டுக்கொண்டால் பானைக்குள் தலையைவிட்ட மாதிரி தன் மூச்சு மட்டும்தான் தனக்குக் கேட்கும்.

அதே வாரம் வியாகுலத்துக்கு இன்னொரு சங்கதியும் வந்தது. லிந்துலையில் ஒரு பெரிய தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அவரைக் கேட்டிருந்தார்கள். தனி வீடு, யார் சுவரும் ஒட்டாத வீடு. மாதக் கடைசிக்குள் போகிறேன் அல்லது இல்லை என்று துரையிடம் சொல்ல வேண்டும். போனால் மார்கிரட் இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையை விட வேண்டும். அவளைக் கேட்காமல் எப்படி? ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றிருந்தார்.

ஞாயிறும் வந்தது. கேட்டருகில் வழக்கம்போல மார்கிரட் இறங்கித் திறந்துவிட்டாள். மாடு உள்ளே வந்துவிடாமல் இருக்கப் பின்னால் வருகிறவர் இறங்கித் திறந்து, வண்டி தாண்டியதும் மூடிவிட்டு வந்து ஏறுவதுதான் அந்த ரோட்டு வழக்கம். வியாகுலம் தாண்டி நிறுத்தினார். பின்சக்கரம் ஒரு கல்லிலிருந்து நழுவி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஏறிவிட்டாள் என்று நினைத்து வண்டியை விட்டார் மனிதர். பின்னால் மார்கிரட் போட்ட கூச்சலில் மேட்டு லயத்து நாய்களெல்லாம் குரைத்தனவாம். ஹெல்மட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

ஹட்டன் வரைக்கும் அவர் பேசினார். லிந்துலையைப் பற்றி, தனி வீட்டைப் பற்றி, முன்வாசலில் அவள் ரோஜா வைக்கலாம் என்பதைப் பற்றி. "என்ன சொல்ற மார்கிரட், போவமா?" என்று வளைவுக்கு வளைவு கேட்டார். தட்டு விழவில்லை. யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, "எறங்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்தும் நின்றார்.

"யாரங்க எறங்கச் சொல்றீங்க, டாக்டரய்யா?" என்று மெழுகுதிரி விற்கிறவள் கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார்.

மார்கிரட் ரொட்டி கொண்டுபோகிற பாண் வேனில் ஏறி, பூசை முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். சேலையெல்லாம் மாவு. கோயில் முற்றம் என்றும் பார்க்காமல் சொன்னாள்: "கத்துனேன், கதறுனேன், திரும்பிப் பாத்தீங்களா? நான் பேசறது உங்க காதுல விழுந்தாத்தான் இனிமே இந்த வண்டியில ஏறுவேன். இல்லாட்டி பஸ்ஸுல போய்க்கிறேன்!"

பஸ்ஸில் போனால் வியாகுலத்துக்கு முன்னாலும் பின்னாலும் தோட்டத்து ஆட்களின் காது. பிறகு பேச்சு ஏது? லிந்துலை விசயத்தை எங்கே வைத்துக் கேட்பது?

ராத்திரி பகலாக யோசித்தவருக்கு டிஸ்பென்சரியிலேயே வழி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்! காதில் மாட்டுகிற முனைகள் தன் காதில், நெஞ்சில் வைக்கிற வட்டம் அவள் வாயருகில். முடிந்தது கதை. குழாய் எட்டாது என்பதால் அலமாரியில் புதிதாக இருந்த எனிமாக் குழாயில் ஒரு முழத்தை வெட்டி ஒட்டுப் போட்டார். துரை கொடுத்த ஹெல்மட்டை அதன்மேல் கவிழ்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. காது முனைகள் இரண்டும் மூளைக்குள் போய்ச் சந்தித்துக்கொள்ளும் போலிருந்தது. ஆகவே வேறு ஹெல்மட் பார்க்க ஹட்டனுக்குப் போனார், கழுத்தில் அந்த நீளக் குழாயோடு.

மளிகையோடு ஹெல்மட்டும் வைத்திருந்த கடைக்காரர் சின்னராசா பல ஹெல்மட் விற்றவர். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஹெல்மட் போட்டுப் பார்க்கிற ஆளை அன்றுதான் கண்டார்.

"தலைக்குத்தானங்க, டாக்டரய்யா?"

"தலைக்கும் காதுக்கும். நீங்க அந்த வட்டத்த வாயில வச்சு ஏதாச்சும் பேசுங்க."

முதலில் கண்ணாடி வைத்த கறுப்பு. போட்டதும் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டது. சின்னராசா வாயசைப்பது மட்டும் தெரிந்தது. அடுத்தது சிரட்டை மாதிரி உச்சந்தலையில் மட்டும் உட்கார்கிற சிவப்பு. காதுக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் வெளியே நின்ற பஸ்ஸின் இரைச்சல் முழுக்க உள்ளே வந்தது. மூன்றாவதில் காது முனை பொருந்தியது, வார்ப்பூட்டு பூட்டவில்லை. பூட்டியபோது முனை கழன்றது. சின்னராசா வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பருப்பு, மாசி, செத்தல் மிளகாய்" என்று கடைச் சரக்கையெல்லாம் சொல்லிக் களைத்துப்போனார்.

இதற்குள் கடை வாசலில் கூட்டம். ஹெல்மட் போட்ட டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிறார் என்றதும், அது ஏதோ புது மாதிரி வைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூக்கன் என்கிற மூட்டை தூக்குகிற ஆள் சட்டையைக் கழற்றி முன்னால் வந்து நின்றான்.

"எனக்கும் பாருங்க சாமி. ஏறும்போது நெஞ்சு படபடங்குது."

"நான் ஹெல்மட் வாங்க வந்திருக்கேன்யா!"

"வாங்குங்க சாமி, வேணாங்கல. போறபோக்குல பாத்துட்டுப் போங்க."

என்ன செய்வது, பார்த்தார். நாலாவது ஹெல்மட்டுக்குள் மூக்கனின் நெஞ்சு திமுதிமுவென்று தெளிவாகக் கேட்டது. வியாகுலம் துள்ளிக் குதித்தார். "இதுதான்! இதுதான்!" மூக்கன் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முகம் வெளுத்துப்போனான். அவனுக்குக் கருவாட்டைக் குறைக்கச் சொல்லித் தேற்றிவிட்டு, வரிசையில் நின்ற மற்றவர்களின் நெஞ்சையும் பார்த்த பிறகுதான் வெளியே வர முடிந்தது.

அது மஞ்சள் நிறத்தில், பூசணிக்காய் சைஸில், யாரோ ஒரு பெருந்தலைக்காரர் வாங்கி வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த ஹெல்மட். முகம் திறந்திருக்கும், காதுக்குமேல் தடித்த மெத்தை. மெத்தையை இரண்டு பக்கமும் விரலளவு வெட்டினால் காது முனை அச்சாக உட்காரும், காற்றும் புகாது. மேலே கொஞ்சம் ஆடியது. அதற்கு ஒரு துவாயை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மார்கிரட் வட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தச் செவப்புக் குழாய் எங்க இருந்தது?"

"புதுசுதான். இன்னும் யாருக்கும் போடல."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வட்டத்தைத் தாடையில் கட்டினாள். குளிருக்கு எப்போதும் போல மப்ளரால் காதையும் கழுத்தையும் இறுகச் சுற்றிக்கொண்டாள். கேட்டை மூடி ஏறியவள், "ஏறிட்டேன்!" என்று சொன்னது வியாகுலத்தின் மண்டைக்குள் மணியடித்த மாதிரி கேட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

மெயின் ரோட்டில் இறங்கினார்கள். முதல் வளைவு. "லிந்துலைக்குக் கூப்புடுறாங்க மார்கிரட், போவமா?" என்று உரக்கக் கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பின்னால் முணுமுணுப்பு தொடங்கியது. இத்தனை வருசமாகக் கேட்ட அதே இனிய முணுமுணுப்பு. இன்று ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..."

லொறி ஒன்று எதிரே வந்தது. மரண நேரம் வேகமெடுத்தது. அருள் நிறை மந்திரம் ஒன்று முடிந்தது, அடுத்தது தொடங்கியது, அதற்கடுத்ததும். பத்து முடிந்ததும் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

வியாகுலம் வண்டியை ஓரங்கட்டினார். ஹெல்மட்டைக் கழற்றினார். துவாய் கீழே விழுந்தது.

"எப்பவும் செபமாலதான் சொல்லிக்கிட்டு வருவியா?"

"பின்ன? நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு வேற என்னத்தச் சொல்றது?"

"தோள்ல தட்டுறது?"

"பத்து முடிஞ்சா ஒரு தட்டு. ஒரு கையில பை, ஒரு கையில உங்க தோளு. மணிய எங்க போய் உருட்டுறது?"

"அப்ப நான் பேசினது?"

மார்கிரட் மப்ளரைக் காதிலிருந்து இறக்கினாள். "நீங்க பேசினீங்களா? என்னமோ வாயசையும். நீங்களும் செபந்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். பரவாயில்ல, பக்தியான மனுசன்னு சந்தோசப்பட்டேன்."

வியாகுலம் மதகில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருசம்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பசுமாட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"டோரீன் பேரு நான் சம்மதிச்சேனா? உங்க அம்மா வச்சதுன்னுல்ல நான் பொறுத்துக்கிட்டேன்! மாட்டையும் அவங்கதான் விக்கச் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் மனசுக்குள்ள அவங்களோட சண்ட!"

"நானும் ஒன்ன கேட்டுத்தான் செஞ்சேன்னு நெனச்சேன், மார்கிரட்."

வியாகுலம் எழுந்து, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, லிந்துலையைப் பற்றிச் சொன்னார். தனி வீடு, மாதக் கடைசி, ரோஜா, எல்லாம். மார்கிரட் கீழே கிடந்த துவாயை எடுத்து உதறி அவரிடம் கொடுத்தாள்.

"வண்டிய எடுங்க. மெதுவா ஓட்டுங்க. சொல்றேன்."

ஹெல்மட்டை மறுபடி மாட்டிய வியாகுலம் பெருநடைக்கு மேல் வேகம் போகவில்லை. கொழுந்து ஏற்றிய டிராக்டர்கூட முந்திக்கொண்டு போனது. காதுக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது. மந்திரம் இல்லை. தோளில் கை இருந்தது, தட்டவில்லை.

"மாட்டேன்" என்றது காதுக்குள் ஒரு குரல். "என் ரெண்டாம் வகுப்புக்கு இப்பத்தான் கரும்பலக வந்திருக்கு. மூணு வருசம் எழுதி எழுதி வாங்குனது. அத விட்டுட்டு வரமாட்டேன். தனி வீடு எனக்கு வேணாம். நீங்க பேசணும்னா என்னைய ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, கேக்கறேன். அப்புறம், மாட்ட வித்திருக்கக் கூடாது. நல்ல மாடு அது. அப்புறம், இந்தியாவுக்குப் போகாம இருந்தது..." தோளில் இருந்த கை கொஞ்சம் அழுத்தியது. "அது நல்லதுதான். கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

வியாகுலம் வாயைத் திறந்தார். பிறகுதான் நினைவு வந்தது. குழாய் ஒரு பக்கத்துக்குத்தான், அவளோ மறுபடி மப்ளரைச் சுற்றியிருந்தாள். அவர் என்ன கத்தினாலும் பின்னால் போகாது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.