மேலே தேதியை மட்டும் மாற்றினேன்

மனு டைப் அடிக்கிற தொழிலுக்கு ஆடி, தை என்று சீசன் எதுவும் கிடையாது. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள்தான் சீசன். தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிர்வரிசையில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் மனு என்று ஒரு கடை நடத்துகிறேன். கூட இருப்பது கஸ்தூரியக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜெராக்ஸ் மெஷின் அவர் பொறுப்பு. நாட்டு நடப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதும் அவர் பொறுப்புதான்.

ஒரு சான்றிதழுக்காக மூன்று கவுண்ட்டர் ஏறி இறங்கியவர்கள் நீங்கள். 'சர்வர் டவுன்' என்பதைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள். அதனால் உங்களிடம் வெட்கப்படாமல் சொல்லலாம். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இந்த நாடு மாறிவிடப் போகிறது என்று நான் நம்பிவிடுவேன். டைப் அடிக்கிறவளே நம்பாவிட்டால் மனுவில் உயிர் இருக்காது என்பது என் கட்சி. அந்த நம்பிக்கைக்கு விழுந்த அடிகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நாற்காலிக்கு ஒரு மனு

இது இப்போது முடிந்ததற்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் நடந்தது. இதை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். மாதையன் என்று ஒருவர், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வாடிக்கையாளர். மலையடிவாரத்தில் ஒரு காட்டு ஓடைக்கு அந்தப் பக்கம், முப்பது வீடுகள் உள்ள கொட்டாயில் இருக்கிறார். தோட்டங்காட்டை ஒட்டின சின்னக் குடியிருப்பை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. நடந்து போக ஒரு சின்னப் பாலம் வேண்டும். மனு அவ்வளவுதான். நான் கடை திறந்த புதிதில் நடந்த தேர்தல் முடிந்து முதல் தடவை வந்தார். அடுத்த தேர்தல் முடிந்ததும் வந்தார். மூன்றாவது தடவை, ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பழைய மனுவைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, "யாருக்கு போடட்டும்ணா?" என்றேன். "டெல்லிக்கே போட்ருங்க" என்றார். "யாரு ஜெயிச்சாங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். கொட்டாயில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த ராத்திரியில் இந்த மனுஷன் தூங்கி எழுந்து, ஜெயித்தது யார் என்றுகூடத் தெரியாமல், நம்பிக்கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார்: "யாரு வந்தா என்னங்க? பாலம் வர்றதுக்கு நாற்காலி இருந்தா போதும். அதுல இன்னிக்கி யாரு உக்காந்திருக்காங்களோ அவுங்களுக்குன்னு போடுங்க."

நாட்டுக்கு எந்தத் துறை?

இந்தத் தேர்தல் முடிந்ததும் மாதையனை எதிர்பார்த்தேன். ஃபைலை எடுத்து ரெடியாக வைத்திருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, ஆளைக் காணோம். "பாலம் வந்துருச்சோ என்னமோ" என்றார் கஸ்தூரியக்கா. வந்திருந்தால் சொல்லாமல் இருக்க மாட்டாரே என்று எனக்குத் தோன்றியது. ஊரார் மனுவையே எத்தனை நாளைக்கு அடிப்பது, நாமும் ஒரு குடிமகள்தானே என்று அந்த வாரம் எனக்கே ஒரு மனு எழுதினேன். பத்து அம்சம். எல்லாப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலும் தண்ணீர் வர வேண்டும், எல்லா ஓடைக்கும் பாலம் வேண்டும், மனு போட்டால் ஒரு மனுஷர் அதைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று போகும் பட்டியல். பொருள் என்ற இடத்தில் 'நாடு மாற வேண்டுதல் தொடர்பாக' என்று போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

டெல்லிக்கு ஆன்லைனில் அனுப்பலாம் என்று பார்த்தால், எந்தத் துறை என்று கேட்டு ஒரு பட்டியல் விழுந்தது. ரயில் இருக்கிறது, உரம் இருக்கிறது, கப்பல்கூட இருக்கிறது. நாடு இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன். ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. கடைசியில் அடியில் கிடந்த 'மற்றவை' என்பதைத் தொட்டேன், மனு போய்விட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரியக்கா மெதுவாகக் கேட்டார்: "இத்தன வருசமா ஓட்டுப் போட்டும் நாம மத்தவையிலதான் இருக்கறமா கண்ணு?"

ஸ்கேனரில் ஒரு தக்காளி

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த வாரம் ஒரு விவசாயி வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு உரச்சாக்குப் பை. புதுசா பதவிக்கு வந்தவங்க தக்காளிக்கு ஒரு ஆதார விலை வைக்க வேண்டும், அதை இந்தியாவுக்கே சட்டமாகப் போட வேண்டும் என்று மனு. நன்றாகப் பேசினார், எனக்கும் அடிக்க உற்சாகமாக இருந்தது. கடைசியில் ஆதாரம் இணைக்கவும் என்று வந்தது. சிட்டா, ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க மேடம்" என்று எழுந்து போனவர், பையிலிருந்து ஒரு பழுத்த தக்காளியை எடுத்து ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து மூடியை அழுத்தி, பட்டனையும் தட்டிவிட்டார்.

நான் துணியைத் தேடினேன். கஸ்தூரியக்கா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அதற்குள் மெஷின் தன் வேலையை முடித்து, திரையில் சிவப்பாக ஒரு படம் விழுந்திருந்தது. நடுவில் விதை, சுற்றிலும் சாறு. துணியை எடுத்துக்கொண்டு ஓடிய என்னை விவசாயி கையைக் காட்டி நிறுத்தி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதையே அனுப்புங்க மேடம். ரோட்டுல கொட்டிட்டு வர்றமே, அப்பறம் லாரி ஏறினா இப்பிடித்தான் இருக்கும், அவுங்களும் ஒருக்கா பாக்கட்டும்."

டெல்லிக்குப் போய்த் திரும்பியது

என் பத்து அம்ச மனு சும்மா இருக்கவில்லை. தங்கள் மனு மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. சில நாள் கழித்து மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டது என்று இன்னொன்று. என் மனு பஸ் மாறி பஸ் ஏறி வருவதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அது எந்தப் பக்கமாக வருகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை, எதிர் ஆபீஸ் கிளார்க் சார் கையில் ஒரு ஃபைலோடு கடைக்குள் வந்தார். அவசரத்துக்கு எங்களிடம் டைப் அடித்துக்கொண்டு போவது அவர் வழக்கம். "மேல இருந்து ஒரு மனு வந்திருக்குதுங்க மேடம். நாடு மாறணுமாம். தாலுகா அளவுல நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் எங்க போயி எடுக்கறது?" என்று முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், என் கடை விலாசம். "இது நான் போட்டதுங்க சார்" என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிம்மதியாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நல்லதாப் போச்சுங்க, பதிலையும் நீங்களே அடிச்சுருங்க, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

ஆறாம் வகுப்பு காவேரி

மறுவாரம் நல்ல மழை. ஒரு இளம்பெண் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை ஈரம். "மாதையன் மகளுங்க. அப்பாவுக்கு முட்டி வலி, ஓடையத் தாண்ட முடியல, அதான் நான் வந்தேன். பாலம் மனு உங்க கம்ப்யூட்டருல இருக்குமாம். தேதிய மட்டும் மாத்துனா போதும்னு சொல்லிவுட்டாரு" என்றாள். ஃபைல் தயாராகத்தானே இருந்தது. தேதியை மாற்றி, மேலே பெறுநரை மாற்றி, புது ஆள் என்பதால் படித்துக் காட்டினேன். 'என் மகள் காவேரி ஆறாம் வகுப்பு படித்து வருகிறாள். ஓடையில் தண்ணீர் வரும் நாட்களில் அவளால் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை.' நிறுத்திவிட்டுச் சின்னப் பிள்ளையைப் பார்த்தேன். "காவேரி நீதானா? ஆறாவதுன்னா நம்ப முடியலையே" என்றேன். "அவ நந்தினிங்க, ஒண்ணாவது" என்றாள் அம்மாக்காரி. "காவேரி நானுங்க."

கஸ்தூரியக்கா மெஷினை நிறுத்தினார். நான் பழைய ஃபைல்கள் மூன்றையும் திறந்தேன். முதல் மனுவில் ஆறாம் வகுப்பு. ஐந்து வருஷம் கழித்துப் போட்டதிலும் ஆறாம் வகுப்பு. அதற்கும் ஐந்து வருஷம் கழித்து, இவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தபோது போட்டதிலும் ஆறாம் வகுப்பு. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பழைய மனுவை எடுப்போம், தேதியை மாற்றுவோம், பிரிண்ட் கொடுப்போம். நடுவில் இருப்பதை யார் படிக்கிறார்கள். மாதையனுக்கு எழுத்துத் தெரியாது. முதல் தடவைக்குப் பிறகு நான் அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

அவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். மூன்றாவது மனுவுக்கு வந்த பதிலாம், இதையும் சேர்த்து வைக்க வேண்டுமாம். பிரித்தேன். விசாரணைக்கு ஆள் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறார்கள். 'மனுவில் குறிப்பிட்ட காவேரி என்ற மாணவி மேற்படி பள்ளியில் ஆறாம் வகுப்பில் பயிலவில்லை எனத் தெரியவருவதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.' ஒருவர் படித்திருக்கிறார். படித்துப் பார்க்க மாட்டார்களா என்று நான் பத்து அம்சத்தில் ஏங்கியது ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதுவும் இந்த மனுவுக்கு.

"இத யாரும்மா படிச்சீங்க?" என்றேன். "நான்தாங்க. எட்டாவதுல ஒரு மழைக்காலம் மூணு மாசம் போவ முடியல, அப்பறம் போவ கூச்சப்பட்டு நின்னுட்டேன். அதே கொட்டாயிலயே கட்டியும் குடுத்துட்டாங்க. நான் ஸ்கூலவுட்டு நின்னதாலதான் பாலம் போயிருச்சுன்னு வூட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சரியாத்தான எழுதியிருக்காங்க, நான் படிக்கலையே" என்றாள். கோபமே இல்லை. ஐந்து வருஷமாக அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அதே ஓடையைத் தாண்டியிருக்கிறாள்.

தப்பு உன்னுது இல்லைம்மா, என்னுது என்று சொன்னேன். மூன்று மனுவையும் திரையில் காட்டி, நான் எதை மாற்றினேன், எதை மாற்றாமல் விட்டேன் என்று வரி வரியாகச் சொன்னேன். நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் மூன்று மனுவின் தேதியையும் படித்துப் பார்த்தாள். "அப்பாகிட்ட நீங்களே ஒருக்கா சொல்லுங்கக்கா" என்றாள். போனில் சொன்னேன். மாதையன் முழுக்கக் கேட்டார். பிறகு, புள்ளைகிட்டக் குடுங்க என்றார். அவளிடம் என்ன சொன்னார் என்று தெரியாது, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பழைய ஃபைல்களை அழித்துவிட்டு வெள்ளைப் பக்கத்தில் புதிதாக ஆரம்பித்தேன். அவளே சொல்லச் சொல்ல அடித்தேன். 'என் மகள் நந்தினி ஒன்றாம் வகுப்பு' என்று வந்தபோது காவேரி குனிந்து திரையில் விரலை வைத்தாள். "வகுப்பு வேணாங்கக்கா, எடுத்துருங்க. அவுங்க பாக்க வர்றப்ப இவ எத்தனாவதுல இருப்பான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

நாடு மாற வேண்டும் என்று டெல்லிக்குப் பத்து அம்சம் எழுதிய நான், ஒரு பெண்ணை மூன்று தேர்தலாக ஆறாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தேன்.